எங்க வீட்டுல யாருக்கும் இல்லையே

போன மாதம் பரமக்குடியில் அக்கா பேரனைத் தொட்டிலில் போட்டோம். பிறந்த மூன்றாம் நாளே குழந்தையின் கண்ணையும் உள்ளங்கை ரேகையையும் பார்த்துவிட்டு, ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் டாக்டர். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ரிப்போர்ட் வந்தது. டவுன் சிண்ட்ரோம், வளர்ச்சி மெதுவாக இருக்கும் ஒரு பிறவி நிலை. விழாவைத் தள்ளிப்போடலாமா என்று அக்கா போனில் கேட்டாள். "பிள்ளை பிறந்திருக்கு, தொட்டில் வேண்டாமா?" என்றேன். சரி என்று நடத்தினோம்.

பந்தியில் கேசரி போய்க்கொண்டிருந்தபோது சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "மதினி, நீங்க இந்த வேலைதான பாத்தீங்க. உள்ளதச் சொல்லுங்க. இது யாரு பக்கத்துல இருந்து வந்துச்சு? எங்க வீட்டுல ஏழு தலைமுறையா யாருக்கும் இல்லையே."

கெட்ட மனுஷி இல்லை. பேரனை விழா முழுக்க மடியை விட்டு இறக்காதவர். ஆனாலும் கேட்டுவிட்டார். எனக்கு அந்தக் கேள்வி புதிதில்லை. மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் 1993இலிருந்து 31 வருடம் குரோமோசோம் (செல்லுக்குள் பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் இழை) பிரிவில் டெக்னீஷியனாக இருந்தேன். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுவதையெல்லாம் டெக்னீஷியனிடம் கேட்பார்கள். அதில் முதல் கேள்வி எப்போதும் "யாரு பக்கம்?" இரண்டாவது, கேள்வியும் இல்லை, சாட்சியம்: "எங்க வீட்டுல யாருக்கும் இல்லையே." (ஏழு தலைமுறை என்கிறவர்களிடம் உங்கள் அப்பத்தாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாம் தலைமுறையிலேயே கணக்கு நின்றுவிடும்.)

கொல்லையில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயமில்லை. "அப்புறம் போன் பண்றேன் மதினி" என்று நழுவிவிட்டேன். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பச்சை மூடி போட்ட, ரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின் குழாயில் ரத்தம் வரும். அதில் சில சொட்டுகளை ஊட்டத் திரவத்தில் விட்டு, ராஜ்மா பயறிலிருந்து எடுக்கும் ஒரு சரக்கையும் சேர்த்து, 37 டிகிரியில் 72 மணி நேரம் வைப்போம். ராஜ்மா சரக்கு வெள்ளணுக்களைத் தட்டி எழுப்பிப் பிரியச் சொல்லும். அவை பிரிகிற நேரத்தில் பாதியிலேயே நிறுத்திவைக்க இன்னொரு மருந்து விட வேண்டும். அதன் மூலப் பொருள் கால்ச்சிசின். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் விதையில் இருப்பது அதேதான். ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டு வளர்க்கிறார்களே, அந்தச் செடி. ஊரில் அதன் கிழங்கை விஷம் என்று பயப்படுவார்கள், பயம் நியாயமானது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கயிறுகளை அது கட்ட விடாது. குரோமோசோம்கள் நடுவழியில் அப்படியே நிற்கும். எங்களுக்கு அதுதான் வேண்டும்.

அப்புறம் உப்புச் செறிவு குறைந்த திரவத்தில் செல்களை ஊற வைப்போம். தண்ணீர் உள்ளே போய் செல் உப்பும், குரோமோசோம்கள் ஒன்றையொன்று விட்டு விலகும். மெத்தனாலும் அசெட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்து நிலைநிறுத்தி, கண்ணாடித் தகட்டில் கொஞ்சம் உயரத்திலிருந்து சொட்ட வேண்டும். இந்தச் சொட்டுகிற கைதான் டெக்னீஷியனின் கை. காற்றில் ஈரம் குறைந்தால் பரவாது. ஏசியை ஏற்றி வைத்த நாட்களில் நானே தகட்டின் மேல் வாயால் ஊதியிருக்கிறேன். ஐப்பசி மழையில் தகடுகள் பூப்போல விரியும். சாயம் ஏற்றினால் ஒவ்வொரு குரோமோசோமிலும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தெரியும். ஆரம்ப வருடங்களில் போட்டோ பிரிண்ட் போட்டு, கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி, ஜோடி சேர்த்து, பசையால் அட்டையில் ஒட்டுவோம். மின்விசிறி போடக் கூடாது. ஒரு தடவை 22ஆம் குரோமோசோம் ஒன்று மேஜைக்கடியில் பறந்துபோய், மூன்று பேர் தரையில் தவழ்ந்து தேடினோம். இப்போது எல்லாம் கணினி செய்கிறது.

அந்த உப்புத் தண்ணீருக்கு ஒரு கதை உண்டு. மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றுதான் முப்பது வருடத்துக்கு மேல் உலகம் நம்பியது. ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கிடந்ததால் எண்ண முடியவில்லை. டெக்சாஸில் 1952 வாக்கில் டி.சி. ஹ்சு என்பவருடைய ஆய்வகத்தில் யாரோ உப்புக் கணக்கைத் தப்பாகப் போட்டுக் கரைத்துவிட்டார்கள். அன்றைக்குக் குரோமோசோம்கள் அழகாக விரிந்து கிடந்தன. தப்பாகக் கரைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த வழியை வைத்துக்கொண்டு ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லேவனும் ஸ்வீடனில் எண்ணிப் பார்த்து, 46தான் என்று 1956இல் எழுதினார்கள். 1959இல் பாரிஸிலிருந்து, டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு 47 என்று கட்டுரை வந்தது. முதல் பெயர் ஜெரோம் லெஜூன். அந்தச் செல்களை வளர்த்தவர் மார்த்தே கோத்தியே என்ற பெண் மருத்துவர். ஊட்டத்துக்குத் தன் ரத்தத்திலிருந்தே சீரம் எடுத்துப் போட்டு வளர்த்தாராம். அவர் கொடுத்த தகடுகளைப் போட்டோ எடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனவர் முதல் பெயராகிவிட்டார். டெக்னீஷியன்களுக்கு இந்தக் கதையைச் சொல்லி முடிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

சொந்த ரத்தம் என்றதும் என் கதை. வேலையில் சேர்ந்த புதிதில் கை பழக வேறு யார் ரத்தம் கிடைக்கும்? என் கையிலிருந்தே எடுத்து வளர்த்தேன். வெட்டி ஒட்டியபோது ஒன்பதாவது ஜோடியில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. இடுப்பு, அதாவது குரோமோசோமில் ஒடுங்கித் தெரியும் இடம், மாறியிருந்தது. ஐந்து தகடு, இருபது செல், எல்லாவற்றிலும் அதே. அப்போது எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல், சரியாகச் சாப்பிடாமல் திரிந்தேன். கடைசியில் சீனியர் மேடத்திடம் அட்டையை நீட்டினேன். அவர் சிரித்துவிட்டார். ஒன்பதாவதில் இடுப்பைச் சுற்றி ஒரு துண்டு கழன்று, திரும்பி ஒட்டிக்கொள்வது நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்காவது இருக்கும், அதனால் ஒன்றும் ஆகாது, இது நோயே இல்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது சும்மா இருக்காமல் அப்பா, அம்மா ரெண்டு பேரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பாவிடமிருந்து வந்திருந்தது.

அப்பா நெசவாளி. எப்படி அவருக்குச் சொல்வது என்று யோசித்து, தறியைக் காட்டியே சொன்னேன். கரையில் மாங்காயோ அன்னமோ வர வேண்டும் என்றால் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகளைக் கயிற்றில் வரிசையாகக் கோத்து அதில் சுற்ற விடுவார்கள். துளை இருக்கிற இடத்தில் அந்த இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. "உடம்புக்குள்ள அப்படி 46 கட்டு அட்டை இருக்குப்பா. பாதி உங்ககிட்ட இருந்து, பாதி அம்மாகிட்ட இருந்து. உங்க ஒன்பதாவது கட்டுல நடுவுல கொஞ்சம் அட்டையத் திருப்பிக் கோத்திருக்கு. அதே கட்டு எனக்கு வந்திருக்கு." அப்பா நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "டிசைன் கெட்டுச்சா?" இல்லை என்றேன். "அப்ப விடு" என்று நாடாவை வீசினார்.

அப்பாவின் அந்தத் தறியை வைத்துத்தான் பிறகு நான் எல்லோருக்கும் சொன்னேன். மரபணுக் கோளாறு என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே வகைகள் வேறு, வகைக்கு வகை "யாரு பக்கம்" என்பதற்குப் பதிலும் வேறு.

ஒரு கட்டு முழுசாக அதிகமாகவோ குறைவாகவோ வந்துவிடுவது முதல் வகை. டவுன் சிண்ட்ரோமில் 21ஆவது கட்டு மூன்று இருக்கும். பெரும்பாலும் இது பரம்பரை இல்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் 46 சரியாகத்தான் இருக்கும். கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒரு ஜோடி பிரியாமல் சேர்ந்தே ஒரு பக்கம் போய்விடுகிறது, அவ்வளவுதான். தாய்க்கு வயது ஏற ஏற இதன் வாய்ப்பு ஏறும். இருபத்தைந்தை ஒட்டி ஏறக்குறைய 1,200 பிரசவத்தில் ஒன்று, 35இல் 350இல் ஒன்று, 40இல் நூறில் ஒன்று. ஆனால் எங்கள் கூடத்துக்கு வந்த தாய்மார்களில் நிறையப் பேர் முப்பதைத் தாண்டாதவர்கள். காரணம் எளிது. நம் ஊரில் பிள்ளை பெறுகிறவர்களே பெரும்பாலும் அந்த வயதுக்காரர்கள். அக்கா மகளுக்கும் 26தான்.

ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம்கள் எக்ஸும் ஒய்யும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே இருந்தால் டர்னர் சிண்ட்ரோம். பதினாறு, பதினேழு வயதாகியும் வயசுக்கு வரவில்லை என்று அழைத்துவருவார்கள். வகுப்பில் எல்லோரையும் விடக் குட்டையாக இருந்திருக்கும். ஆறு வயதிலேயே யாராவது கவனித்து அனுப்பியிருந்தால் வளர்ச்சிக்கு மருந்து கொடுத்திருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அதற்குள் அவர்கள் ராமேஸ்வரம் போய்வந்து, நாகதோஷம் கழித்து, கசாயம் குடித்து முடித்திருப்பார்கள்.

ஆணுக்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருந்தால் கிளைன்ஃபெல்டர். இது ஒன்றும் அபூர்வமில்லை, 600 ஆண்களில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. பலருக்குத் தெரியாமலே வாழ்க்கை போய்விடும். தெரிய வருவது குழந்தை இல்லை என்று சோதிக்கும்போது. அதுவும் எப்படி? மனைவிக்கு ஸ்கேன், ஹார்மோன், லேப்ராஸ்கோப்பி, மாற்று டாக்டர், மறுபடி ஸ்கேன் என்று ஐந்தாறு வருடம் ஓடிய பிறகு, "எதுக்கும் அவரையும் ஒருதரம் பாத்துருவோம்" என்று கணவரின் ரத்தம் வரும். அந்த ரத்தக் குழாயில் பெயர் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு கோபம் வரும். இத்தனைக்கும் ஆணுக்குச் செய்யும் முதல் சோதனைகள் மிக எளிது, மலிவும்கூட.

இரண்டாவது வகை கொஞ்சம் தந்திரமானது. அட்டைகள் எல்லாம் இருக்கும், எண்ணிக்கை குறையாது. ஒரு கட்டின் வாலும் இன்னொரு கட்டின் வாலும் இடம் மாறிக் கோத்திருக்கும். அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது, டிசைன் சரியாகத்தான் வரும். பிள்ளைக்குப் பாதிக் கட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் வினை. ஒரு துண்டு கூடியோ குறைந்தோ போனால் பல நேரம் கரு தங்காது. திரும்பத் திரும்பக் கலைகிற தம்பதிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து ஜோடிகளில் யாரோ ஒருவருக்கு இது இருக்கும். நான்கு முறை கலைந்த ஒரு பெண் மாமியாரோடு வந்திருந்தார். இரண்டு பேர் ரத்தமும் வேண்டும் என்று சொன்னால் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "கலையுறது அவளுக்கு. எம் புள்ளைக்கு எதுக்கு ஊசி?" டாக்டர் பிடிவாதமாக இருந்ததால் எடுத்தோம். இடமாற்றம் மகனிடம் இருந்தது. அந்த அம்மா ரிப்போர்ட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார். ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு என்று சொன்னால் பொய்யில்லை. அந்த மகிழ்ச்சி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அடுத்து வந்த ஜோடியில் அது மனைவியிடம் இருந்தது, கணவர் வீட்டார் அவளை அன்றைக்கே பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். யாரோ ஒருவரிடம் இருக்கத்தான் செய்யும். என் ஒன்பதாவது கட்டை நான் திருப்பிக் கோத்துக்கொள்ளவில்லை, அவளும் கோத்துக்கொள்ளவில்லை.

டவுன் சிண்ட்ரோமிலும் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு இப்படி ஒட்டிக்கொண்ட 21தான் காரணம். அப்போது மட்டும் பெற்றோரைச் சோதிக்க வேண்டும். அதனால்தான் ஸ்கேனிலும் முகத்திலும் தெரிந்துவிட்டாலும் குரோமோசோம் ரிப்போர்ட் எடுக்கச் சொல்கிறோம். முகத்தைப் பார்த்து எந்த வகை என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, அட்டைக் கட்டு எல்லாம் சரி, ஒரு அட்டையில், அதாவது ஒரு ஜீனில், ஒரே ஒரு ஓட்டை தப்பு. என் மைக்ராஸ்கோப்பில் இது தெரியவே தெரியாது. இங்கேதான் எங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் "நார்மல்" என்ற வார்த்தை பெரிய அநியாயம் செய்கிறது. தசைச்சிதைவு நோய்க் குழந்தையின் தகப்பனார் ஒருவர் எங்கள் நார்மல் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வாசலில் இருந்த பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றினார். குரோமோசோம் எண்ணிக்கையும் பட்டையும் நார்மல், ஜீன் வேறு சோதனை என்று அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஒரே ஓட்டைதானே என்று நினைக்கக் கூடாது. ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் வர வேண்டும். எழுத்து ஒன்று மாறி அங்கே வாலின் வந்தால் சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும். இந்தியாவில் அரிவாள் அணுவை முதலில் கண்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். அப்பா தந்தது, அம்மா தந்தது என்று ஒரு ஜீனுக்கு இரண்டு நகல் உண்டு. அதில் ஒரு நகல் மட்டும் பழுதாக இருப்பவர்களை மலேரியா எளிதில் சாய்க்காது. காட்டில் அது ஒரு காலத்தில் லாபமாக இருந்திருக்கிறது. இரண்டு நகலும் பழுதானால்தான் நோய். ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத தலசீமியாவும் இதே கணக்கு. அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஒவ்வொரு பழுது நகலோடு, அடையாளமே இல்லாமல், கொஞ்சம் ரத்தசோகை மாதிரி இருப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையை வருடக்கணக்காக முழுங்கியும் ஏறாது. பிள்ளைக்கு ரெண்டும் சேர்ந்து வர நான்கில் ஒரு வாய்ப்பு.

இந்த "நான்கில் ஒன்று" என்பதை மக்கள் புரிந்துகொள்கிற விதம் இருக்கிறதே! "முதல் பிள்ளைக்கு வந்திருச்சு, அப்ப அடுத்த மூணும் நல்லாப் பொறக்கும்ல?" என்று படித்தவர்களே கேட்பார்கள். சீட்டுக்கட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைக்கப்படுகிறது என்று சொல்வேன். தலையாட்டுவார்கள். முகம் ஒத்துக்கொள்ளாது.

இந்த வகையில்தான் "எங்க வீட்டுல யாருக்கும் இல்லையே" என்பது உண்மையாகவும் இருக்கும், பயனற்றதாகவும் இருக்கும். பழுது நகல் பத்துத் தலைமுறை சத்தமில்லாமல் நடந்துவந்திருக்கும். சத்தம் போட அதற்கு ஜோடி வேண்டும். ஜோடி எளிதாகக் கிடைக்கிற இடம் சொந்தம்.

சொந்தத்தில் கல்யாணம் பற்றிப் பேச எனக்கு அதிகாரம் உண்டு, நான் கட்டியிருப்பது அத்தை மகனை. 1995இல், எல்லாம் தெரிந்தேதான். மாமன் மகள், அத்தை மகன் ஜோடிக்குச் சராசரியாக ஜீன்களில் எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. எந்தத் தம்பதிக்கும் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பெரிய குறை ஏதாவது இருக்கலாம். அத்தை மகனைக் கட்டினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு, ஐந்து பேர் நன்றாகத்தான் பிறக்கிறார்கள். என் இரண்டு பேரும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். இதை வைத்து "ஒன்றும் ஆகாது" என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. கண்பார்வை இல்லாமல், காது கேட்காமல், மூன்று பிள்ளைகளை வரிசையாகத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மாமன் வீட்டு ஜோடிகளைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்ல? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதப் பெண்கள் சொந்தத்தில் கட்டியவர்கள்தான். நிலம் பிரியாது, வரதட்சணை குறையும், மாமியார் அத்தையாக இருந்தால் அடி விழாது என்பதெல்லாம் காரணம். கடைசிக் காரணம் பாதி உண்மை.

இந்தக் கணக்கை முதலில் மோப்பம் பிடித்தவர் லண்டன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் கேரட். (பெயரைத் தமிழில் எழுதினால் காய்கறியாகிவிடுகிறது, என்ன செய்ய.) சில குழந்தைகளின் துணியில் சிறுநீர் பட்ட இடம் கறுத்துப்போவதை ஆராய்ந்தவர், அந்தக் குழந்தைகளின் பெற்றோர் பலர் ஒன்றுவிட்ட உறவு என்று கவனித்து 1902இல் எழுதினார். மனித நோய் ஒன்று, மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட பரம்பரைக் கணக்கில் அடங்கியது அதுதான் முதல் முறை.

ஆனால் எல்லாப் பழியையும் சொந்தத்தின் மேல் போடுவதும் தப்பு. டவுன் சிண்ட்ரோமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியாவுக்கும் இல்லை. ஹீமோஃபீலியா எக்ஸில் உட்கார்ந்திருக்கும் பழுது. அம்மாவிடம் இரண்டு எக்ஸ் இருப்பதால் அவளுக்குப் பெரிதாகத் தெரியாது. மகனிடம் ஒன்றே இருப்பதால் அவன் மாட்டிக்கொள்வான். அசலில் கட்டினாலும் சொந்தத்தில் கட்டினாலும் இதே கதைதான். மூளையைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோய் மாதிரி ஒரு பழுது நகலே போதும் என்ற வகைக்கும் சொந்தம் தேவையில்லை. அது முப்பது, நாற்பது வயதுக்கு மேல், பிள்ளைகள் பெற்று முடித்த பிறகு தலைகாட்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி.

அப்புறம் புதிதாகவே விழும் பழுது. விக்டோரியா ராணியின் மகன் லியோபோல்டு ஹீமோஃபீலியாவால் 30 வயதில் இறந்தார். மகள்கள் வழியாக அது ரஷ்ய அரச குடும்பம்வரை போனது. ராணிக்கு முன்னால் அந்த வம்சத்தில் நோய் இருந்ததற்குத் தடயம் இல்லை. ராணி பிறந்தபோது அவருடைய அப்பாவுக்கு 51 வயது. பழுது அவரிடம்தான் புதிதாக விழுந்திருக்கும் என்று பலர் ஊகிக்கிறார்கள். ஊகத்துக்குக் காரணம் உண்டு. ஆணின் விந்தணு வாழ்நாள் முழுக்கப் புதிது புதிதாகப் பிரதி எடுக்கப்படுகிறது. பிரதி எடுக்க எடுக்கப் பிழை கூடும். தகப்பன் வயது ஒரு வருடம் கூடினால் பிள்ளைக்குப் புதிய மாற்றம் ஒன்றோ இரண்டோ கூடும். நம் ஒவ்வொருவரிடமும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத புது மாற்றங்கள் ஐம்பது அறுபது இருக்கின்றன, பெரும்பாலும் யாருக்கும் தொந்தரவில்லாத இடத்தில். தாயின் வயதைப் பேசும் வீடுகளில் தகப்பன் வயதை யாரும் பேசிக் கேட்டதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். குரோமோசோம் கோளாறு என்றாலே பிள்ளைகளுக்குப் போகும் என்று நினைப்பது. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகையில் 9உம் 22உம் வால் மாற்றிக்கொள்ளும். அதன் அடையாளத்தை முதலில் கண்டது 1960இல் ஃபிலடெல்ஃபியாவில், அதனால் அந்த ஊர்ப் பெயர். அது பிறந்த பிறகு எலும்பு மஜ்ஜையில் ஒரு செல்லில் நடப்பது. விந்தணுவில் கிடையாது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மகளுக்கு நிச்சயம் செய்த கல்யாணத்தை நிறுத்தட்டுமா என்று கேட்ட ஒரு லாரி உரிமையாளர் நினைவில் இருக்கிறார். அவருக்கு மாத்திரை இருந்தது, மகளுக்கு ஒன்றும் இல்லை. கல்யாணப் பத்திரிகையோடு வந்து கவுண்டரில் நின்றார்.

உதடு பிளவு, முதுகுத்தண்டு மூடாமை போன்றவை பல ஜீன்களும் சூழலும் சேர்ந்து செய்கிற கூட்டு. கிரகணத்தில் கத்தி பிடித்ததால் இல்லை. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிட்டால் முதுகுத்தண்டுப் பிரச்சினை பெருமளவு குறையும். கிரகணத்துக்குக் காட்டும் சிரத்தையில் பாதியை அந்த மாத்திரைக்குக் காட்டலாம்.

சரி, சம்பந்தியம்மா. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன். ரிப்போர்ட்டின் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தேன். 47, எக்ஸ், ஒய், கூடுதலாக ஒரு 21, தனியாக நிற்கிறது, எதோடும் ஒட்டவில்லை. ஆகவே பெற்றோரைச் சோதிக்கத் தேவையில்லை. அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்ற அளவு. இதையெல்லாம் சொன்னேன்.

"அப்ப எங்க பக்கம் இல்லையா?"

"இல்ல மதினி."

"உங்க பக்கமும் இல்லையா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப யாரு பக்கந்தான் இது?"

இதை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். அவர் கேட்டதற்கு ஒரு பதில் இருக்கிறது. தனி 21 கூடுதலாக வரும் பத்தில் ஒன்பது பேருக்கு அந்தப் பிரியாமை நடப்பது தாயின் கருமுட்டையில். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பாதி வேலையை முடித்து நின்றுவிடுகின்றன. மீதி வேலை இருபது, முப்பது வருடம் கழித்து நடக்கும். அத்தனை வருடம் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜோடி, விடச் சொல்லும்போது விடவில்லை. இதைச் சம்பந்தியம்மாவிடம் சொன்னால் அவர் காதில் எது விழும் என்று எனக்குத் தெரியும். "உங்க மருமக முட்டை" என்ற மூன்று வார்த்தை மட்டும் விழும். அந்த ஒன்பது, பத்துக் கணக்கை நான் சொல்லவில்லை. மறைத்தது சரியா என்று கேட்டால், 31 வருடம் கவுண்டரில் நின்றவளாகச் சரி என்பேன்.

"யாரு பக்கமும் இல்ல மதினி. தறியில நாடா ஓடும்போது ஒரு இழை சிக்குதுல்ல, அது மாதிரி" என்றேன். அவர் வீட்டிலும் தறி ஓடியிருக்கிறது. "ம்" என்றார்.

பிறகு நான் முக்கியமானதற்கு வந்தேன். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது குறை இருக்கும், பார்த்துவிட்டால் சரிசெய்யலாம், அதனால் எக்கோ தள்ளிப்போடக் கூடாது. தைராய்டு பார்க்க வேண்டும், காது பார்க்க வேண்டும், பிசியோதெரபி இப்போதே ஆரம்பிக்க வேண்டும். அவர் பேரனின் ஜாதக நோட்டின் பின்பக்கத்திலேயே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எக்கோ வரும் செவ்வாய்க்கிழமை, மதுரையில்.

நேற்று அக்கா போன் பண்ணி அழுகிறாள். செவ்வாய்க்கிழமை கூட வர வேண்டாம் என்கிறாராம் சம்பந்தியம்மா. பேரனைத் தானே மடியில் வைத்துக்கொண்டு போவாராம், காரில் இடம் இல்லையாம். "எம் பேரன் இல்லையா அவன்? எங்க பக்கத்துல இருந்து ஒருத்தர்கூடப் போக வேணாமா?" என்கிறாள் அக்கா. பெரிய வண்டியாகப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.